பிணைக் கையெழுத்து

பள்ளிப்பட்டு கிளை நூலகத்தில்
உறுப்பினர் படிவம் நிரப்பினேன்.
தொழில் என்ற இடத்தில் பேனா கொஞ்சம் நின்றது.
ஓய்வு என்று எழுதினேன்.
எதிலிருந்து என்று படிவம் கேட்கவில்லை.

மேசைக்கு அந்தப்பக்கம் தில்லைக்கரசி,
தொகுப்பூதியம், ஆறு மாதமாக வரவில்லையாம்.
அவள் தலைக்கு மேல் கல்வெட்டில்
ஏழாவது வரியில் என் பெயர்.
சுண்ணாம்பு அடித்தவன் பாதியை மூடியிருந்தான்.
'அம்சவே' வரைக்கும் தெரிந்தது.
நானும் ஒன்றும் சொல்லவில்லை.

"வாடகை வீடாம்மா? அப்போ
வீட்டு வரி ரசீது உள்ளவங்க யாராவது
பிணைக் கையெழுத்துப் போடணும்.
ரூல்ஸ் மேல இருந்து வந்தது."

மேலே இருந்தது நான்தான்.
சென்னை, மூன்றாம் மாடி, ஏதோ ஒரு மதியம்,
பச்சை மையில் போட்டேன்.
இப்போது பையில் இருப்பது நீலம்.

நாளிதழை மடித்துவைத்துவிட்டு
ஒருவர் எழுந்து வந்தார். கொண்டய்யா.
எட்டுத் தறி ஓடும் வீடு, வரி பாக்கி இல்லை.
"யாரென்று தெரியாமல் போடுகிறீர்களே" என்றேன்.
"பொண்ணா கேக்கறீங்க, புஸ்தகம்தானே."

மறுநாள் மஞ்சள் பையோடு வீட்டுக்கு வந்தார்.
அட்டை இல்லை, முதல் பதினாறு பக்கமும் இல்லை,
உள்ளே நூலக முத்திரை மட்டும் பத்திரமாக.
தெலுங்கு நாவல். எடுத்தது இரண்டாயிரத்துப் பதினொன்று.

அப்போது நாளுக்கு எட்டு மணி நேரம் மின்வெட்டு.
தறி நின்றதும் அவர் மனைவி வாசிப்பாராம்,
பாவு மேல் கால் படாமல் ஓரமாக உட்கார்ந்து.
கரண்ட் வந்தால் எட்டுத் தறியும் ஓடும்,
கதை எங்கே கேட்கும்.
பிறகு அரசாங்கம் மின்சாரத்தைச் சரிசெய்தது.
கதை நூற்று நாற்பத்து மூன்றாம் பக்கத்தில் நின்றுவிட்டது.
அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்தார்.
"அபராதம் எவ்ளோன்னு சொல்லுங்க,
அந்தப் பொண்ணு வாங்க மாட்டேங்குது."

வாங்க முடியாது அவளால்.
பதிவேட்டில் அந்த எண்ணே இல்லை.
மூன்று வருடம் யாரும் தொடாத
தெலுங்கு நூல்கள் முந்நூற்றுப் பன்னிரண்டு,
எடைக்குப் போடலாம் என்று ஓர் உத்தரவு.
இது ஒன்றுதான் அன்றைக்கு வெளியே இருந்தது.
காலக்கெடு தாண்டியதால் பிழைத்துக்கொண்டது.

சொன்னேன்.
உத்தரவு போட்ட கை இதுதான் என்றும் சொன்னேன்.

அவர் கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.
"கிலோ என்ன விலைக்குப் போச்சு?"
"நாலு ரூபாய்."
"எங்க தறிக் கழிவு நூலே முப்பதுக்குப் போகுதே"
என்றார். வியாபாரத்தில் ஏமாந்தவளைப் பார்ப்பதுபோல.

இதை வாசிக்கச் சொல்லிக் கேட்கத்தான் வந்திருக்கிறார்.
எனக்குத் தெலுங்கு வீட்டுப் பேச்சு.
பால்காரரோடு சண்டை போடுவேன்,
நகரியில் இருக்கும் தங்கையிடம் நாளெல்லாம் பேசுவேன்,
கனவில் திட்டுவதும் அதில்தான்.
எழுத்து தெரியாது. அவருக்கும் தெரியாது.
இருவருமாக அந்தப் பக்கத்தைப் பார்த்தோம்.
கொக்கியும் வட்டமும் தலைக்கட்டுமாக
சிறு கூட்டம் ஒன்று
எங்களைத் திரும்பிப் பார்த்தது.

நாலாயிரம் நூலகத்துக்குச் சாவி வைத்திருந்தேன்.

வெள்ளிக்கிழமை எல்லை தாண்டி
நகரி பேருந்து நிலையத்துக்கு எதிர்க் கடையில்
ஒன்றாம் வகுப்புப் பாலபாடம் வாங்கினேன்.
"பேத்திக்கா?" என்றான் கடைக்காரன்.
பில் போடு என்றேன்.
ஜன்னல் வழியே வழியெல்லாம் நகரி மலையின் மூக்கு.
'அ'வுக்கு அம்மா, 'ஆ'வுக்குப் பசு.
நமக்கும் பசுதான், ஆனால் இது வேறு பசு.

நூற்று நாற்பத்து மூன்றுக்குப் போக
ஆறு மாதம் ஆகும் என்றேன்.

"ஆகட்டும். அபராதம் ஓடிட்டே இருக்கட்டும்.
பிணை நான்தானே."

தெருவில் தறிகள் ஓடுகின்றன.
இரண்டாம் சனிக்கிழமை பராமரிப்புக்காக
ஒன்பதிலிருந்து ஐந்து வரை மின்சாரம் இருக்காது
என்று கம்பத்தில் ஒட்டியிருக்கிறார்கள்.
தேதியைக் குறித்துக்கொண்டேன்.