ஆழம் பதினேழு மீட்டர்

நூக்குஸ் அலுவலகத்தில் அந்த வரைபடத்தை
ஒன்பது துண்டாக ஸ்கேன் செய்தோம்.
கண்ணாடியைவிடக் காகிதம் பெரியது.
ஒட்டிய இடங்களில் கடல்
மயிரிழை விலகி நிற்கும்.
நான்கு மூலைக்கும் அட்சம், தீர்க்கம் தட்டி
இதுதான் பூமி என்று
மடிக்கணினியை நம்பவைத்தேன்.
தென்கிழக்கு மூலையில் தேநீர்க் கறை,
அங்கே மட்டும் குத்துமதிப்பு.

இப்போது வண்டி ஓடுகிறது.
முகப்பில் ஜிபிஎஸ், மடியில் கணினி,
சிகரெட் பற்றவைக்கும் துளையிலிருந்து மின்சாரம்.
முய்னாக்கின் கடைசி வீடு தாண்டியதும்
சிவப்புப் புள்ளி
நீலத்தில் இறங்கியது.

"எவ்வளவு ஆழம்?"
கியரை மாற்றியபடி கேட்டான் தெங்கெல்பாய்.
"நான்கு மீட்டர்."
"சன்னலை ஏத்து."

ஏற்றினேன்,
உப்புத் தூசிக்காக.

ஏழு. பதினொன்று. பதினேழு.
ஒவ்வொரு எண்ணுக்கும் எவனோ ஒருவன்
படகோரம் குனிந்து கயிறு விட்டிருக்கிறான்.
ஈயக்குண்டு தொட்ட இடத்தில்
எங்கள் டயர்.
நட்ட சக்சௌல் செடிகளை எண்ண வந்தவர்கள் நாங்கள்.
நூற்றுக்கு நாற்பது பிழைத்திருந்தால்
மேலிடத்துக்கு எழுதலாம்.

வரைபடத்தில் ஒரு பாதை இருந்தது.
கரையிலிருந்து தீவுக்கு
மெல்லிய கறுப்புக் கோடு.
கப்பல் போன வழி, தரை கெட்டியாக இருக்கும் என்று
தெங்கெல்பாய் ஒரு தர்க்கம் சொன்னான்.
எனக்கும் அது சரியாகப் பட்டது.

ஆறு கிலோமீட்டர்.
மேலே உப்புத் தோல், அடியில் கரும்சேறு.
முன்சக்கரம் அச்சுவரை புதைந்த பிறகுதான்
திரையைப் பெரிதாக்கினேன்.
கோட்டின் நுனி சுருண்டிருந்தது.
எந்தக் கப்பலும் அப்படித் திரும்பாது.
ஸ்கேனர் கண்ணாடியில் விழுந்த
முடி.

அவன் என் தலையைப் பார்த்தான்.
நான் தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டேன்.
மண்வாரியை எடுக்கப் போனான்.

தோண்டி முடிக்க இருட்டிவிட்டது.
பேட்டரியில் பதினோரு சதவீதம்.
முடியை அழித்துப் பார்த்தேன்,
கூடவே நீலமும் போனது.
கடல் நடுவே வெள்ளை ஓட்டை.
பழையபடி முடியையே வைத்துவிட்டேன்.

புள்ளிக்குப் பதிலாக
உருவம் ஒன்று தேர்ந்தெடுக்கலாம் என்றது மென்பொருள்:
நடப்பவர், கார், விமானம், படகு.

காலையில் சாவியைத் திருப்பிய தெங்கெல்பாய்
திரையைக் கண்டான்.
ஒன்றும் சொல்லவில்லை.
வெகுதூரம் முதல் கியரிலேயே போனான்,
அடியில் எதுவும்
இடித்துவிடக் கூடாது என்பதுபோல.