சீட்டு

காலை நாலே முக்கால்.
வியாசர்பாடி டிப்போவில் வண்டி இன்னும் சூடேறவில்லை.
பட்டையைப் பிதுக்குகிறேன்,
உள்ளங்கையில் ஒரு மஞ்சள் மாத்திரை.
ஒரு வாய்த் தண்ணீர், ஒரே விழுங்கு.
இனி அரை மணி நேரம்
டீ இல்லை, பொறை இல்லை,
எதிர்க் கடையில் வடை வேகும் வாசனை மட்டும்.

வயித்தெரிச்சல் என்றால் நம் ஊரில்
அடுத்தவன் மாடி எழுப்பினால் வருவது.
எனக்கு வந்தது வேறு.
மூலக்கடையில் ஏறும்,
பாரிமுனை வருவதற்குள்
தொண்டைக்குழியில் நிற்கும்
வித்தவுட்டாக.
விசில் ஊதினால் வாயெல்லாம் புளிப்பு.

மூன்று வருஷம்
காலிப் பட்டையைக் காட்டினால் போதும்,
மெடிக்கல்காரர் முகம்கூடப் பார்க்காமல்
நிறைந்த பட்டையைத் தருவார்.
நினைத்தபோது போட்டேன்.
பிரியாணிக்குப் பிறகு இரண்டு.
அவசரத்தில் கடித்து மென்றும்.

போன ஆடியில் கடைக்குப் புதிதாக ஒரு பெண்,
ஷாகிரா என்று சட்டையில் பெயர்.
"சீட்டு இருக்கா?"
இருபத்தொரு வருஷம்
ஊரையே சீட்டுக் கேட்டவன்
பையைத் துழாவிக்கொண்டு நின்றேன்.

ஸ்டான்லியில் பாதி நாள் வரிசை.
டாக்டர் மீனலோசனி சின்ன உருவம்,
கேள்விகள் பெரிது.
"வேற என்ன மாத்திரை சாப்பிடுறீங்க?"
முட்டி வலிக்கு, காலையில் ஒன்று ராத்திரி ஒன்று.
"யாரு எழுதிக் கொடுத்தாங்க?"
முட்டிதான், என்றேன்.
அவர் பேனாவைக் கீழே வைத்தார்.
"ஒரு கையால கொளுத்துறீங்க,
இன்னொரு கையால தண்ணி ஊத்துறீங்க."

எடை குறைந்ததா, சோறு தொண்டையில் அடைக்கிறதா,
மலம் தார் மாதிரி கருப்பாகப் போகிறதா?
தார் எங்கள் எருக்கஞ்சேரி ரோட்டிலேயே இல்லை மேடம்,
சிரித்தேன்.
அவர் சிரிக்கவில்லை.

குழாய் விட்டுப் பார்த்தார்கள். புண் இருந்தது.
முட்டி மாத்திரை அன்றோடு நின்றது.
இதற்கு எட்டு வாரம்,
பிறகு கட்டாயம் வரவேண்டும்.
நீங்களாக நிறுத்தாதீர்கள்,
நீங்களாக நீட்டாதீர்கள்.
(போன வருஷம் பட்டென்று நிறுத்தி
நாலாம் நாள் ராத்திரி
சுவரில் சாய்ந்தே தூங்கியதை
நான் சொல்லவில்லை.
எப்படியோ தெரிந்திருக்கிறது.)

மெல்லக் கூடாது, பொடிக்கக் கூடாது.
மேல்பூச்சு அதற்கான டிக்கெட்டாம்.
வயிற்றில் இறங்காமல் உட்கார்ந்திருந்து
குடலில் இறங்க வேண்டிய பயணி அது.
நீங்கள் கடித்தால் நடுவழியில்
இறக்கிவிட்ட மாதிரி என்றார்.
அதற்குப் பிறகு எனக்கு யாரும்
விளக்க வேண்டியிருக்கவில்லை.

இன்று முப்பத்தொன்பதாம் நாள்.
எஸ்தர் காலண்டரில் சிவப்பாகச் சுழித்திருக்கிறாள்.

"ஜெபராஜ், அந்த மஞ்சள்ல ஒண்ணு குடு."
டிரைவர் தணிகாசலம்.
ஸ்டியரிங்கில் சாய்ந்து நெஞ்சைத் தேய்க்கிறார்.
"ராத்திரிலேர்ந்து கேஸ்."

பட்டை சட்டைப் பையில்தான் இருக்கிறது.
மூன்று வருஷத்துக்கு முந்தைய கை
அதற்குள் பையைத் தொட்டுவிட்டது.
என் பெயருக்குப் போட்ட சீட்டில்
இரண்டு பேர் ஏற முடியாது, அண்ணே.
"கை வலிக்குதா?"
பதில் இல்லை.
"இடது கை?"
கண்ணாடியைத் துடைக்கிறார்,
அது சுத்தமாகத்தான் இருக்கிறது.
டிசம்பர் விடியலில்
அவர் கழுத்தில் வேர்வை.

டைம் கீப்பர் ஜன்னலைத் தட்டிக் கத்துகிறார்,
ஆறு நிமிஷம் லேட்டு, எடுங்கப்பா வண்டியை.
உள்ளே மீன்கூடையோடு நாலு பேர்,
ஒரு நர்ஸ், ஒரு பள்ளிக்கூடத்துப் பையன்.
நர்ஸைப் பார்க்கிறேன்.
அவள் ஏற்கெனவே எழுந்துவிட்டாள்.

விசில் என் பல்லிடுக்கில்.
ஊதவில்லை.