இரண்டாம் நிலை

ஹெட்விக் அம்மாள் முதல்முறை வந்தபோது
வருமானச் சான்றிதழோடு ஏழு பேர் நின்றிருந்தார்கள்.
எட்டாவதாக நின்றாள், குடையை மடக்காமல்.

கொண்டுவந்த படங்கள் எல்லாம் கறுப்பு வெள்ளை.
மடியில் பிள்ளையோடு ஒரு மாதா.
சண்டைபோடும் குடிகாரர் இருவர். ஒரு நாய்.
"ஐந்நூத்தம்பது வருஷம் முந்தி" என்றாள்,
மார்க்கெட்டில் கற்ற தமிழில்.
"செஞ்சவன் பேர் தெரியாது. நான் வெச்ச பேர்தான்.
கோணல் விரல் ஆசாரி."
எல்லாப் படத்திலும் ஒரு சுண்டுவிரல்
எலும்பில்லாமல் வளைந்திருக்குமாம்.
பார்த்தேன். நாய்க்கும் ஏறக்குறைய அப்படித்தான்.

எங்கள் பக்கம் செப்பில் கீறினால் நிலம் கைமாறும்.
அவர்கள் பக்கம் கீறிய பள்ளத்தில் மை அடைத்து
ஈரத்தாளை வைத்து அழுத்துவார்கள்.
அழுத்த அழுத்தச் செம்பு தேயும், கோடு வெளுக்கும்,
யாராவது மறுபடி கீறுவார்கள்.
அதற்கு முன் எடுத்தது முதல் நிலை,
பின் எடுத்தது இரண்டாம் நிலை.
இதைப் பிரித்துச் சொல்லத்தான்
நாற்பத்தோரு வருஷம் சம்பளம் கொடுத்தார்கள் என்று
அவளே சிரித்துக்கொண்டாள்.

முத்தியால்பேட்டையில் மாடி ஒன்றை வாடகைக்கு எடுத்தாள்.
தினம் மூன்றரைக்கு வருவாள்.
பென்சிலில் எழுதியதைப் படி எடுத்துக்கொண்டு
அசலை என் குப்பைக்கூடையில் போடுவாள்.
தேதி மட்டும் போடமாட்டாள்.
"தேதி பொய் சொல்லும் சம்மனசு. கோடு சொல்லாது."
திமிர் என்றுதான் நினைத்தேன்.
என் பில் புத்தகத்தில் நான் தேதி போடுகிறவள்.

தானே புயல் தகரத்தைப் பிரித்த வாரம்
மிஷினுக்குள் தண்ணீர். கலியமூர்த்தி துடைத்து ஓட்டினான்.
அன்றிலிருந்து இடது ஓரம் மயிரிழைக் கோடு,
ரேஷன் அட்டை, மார்க் ஷீட், இறப்புச் சான்று
எதையும் விடாமல்.
டிரம் மாற்றக் காசில்லை. மன்னிப்புக் கேட்டேன்.
அவளோ லென்ஸை எடுத்து
மூக்கு தாளில் படக் குனிந்து
"சம்மனசு! உனக்கு இரண்டாம் நிலை!" என்றாள்
பிள்ளை பெற்றவளை வாழ்த்துகிற குரலில்.
வரிசை முழுக்க என்னைத் திரும்பிப் பார்த்தது.

மூன்றாம் வருஷம் கரும்புள்ளி ஒன்று சேர்ந்தது,
பக்கத்துக்கு மூன்று முறை.
அதைப் பார்க்க நாலு நாள்தான் வந்தாள்.
ஐந்தாம் நாள் சம்பா கோயில் பக்கம்
ஆம்புலன்ஸ் ஒன்று போனது.
அவளுக்கென்று எனக்குத் தோன்றவில்லை.

தம்பி மகன் வந்தான், டெட்லெஃப்.
ஒரு டிரங்குப் பெட்டி நிறையத் தாள், எண் கிடையாது.
எது முந்தியது, எது பிந்தியது
யாருக்கும் தெரியவில்லையாம்.
ஷட்டரை இறக்கிவிட்டுத் தரையில் பரப்பினேன்.
கோடில்லாதது சுவரோரம்.
கோடு மட்டும் விழுந்தது நடுவில்.
கோடும் புள்ளியும் சேர்ந்தது பதினொன்று,
அதில் ஒன்று சாம்பலாய் வெளிறியிருந்தது.
நாலாம் நாள் டோனர் தீர்ந்தது எனக்கு ஞாபகம்.
"இதுதான் கடைசி."

அவன் படித்தான், நின்று நின்று எனக்குச் சொன்னான்.
மாதாவைக் கீறியது ஒரு கை.
நாயைக் கீறியது வேறு கை, அதுவும் இடக்கை.
விரலைப் பார்த்து ஏமாந்தேன்.
என் புத்தகத்தில் பாதியைக் கிழித்துவிடலாம்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.
ஊரில் அத்தை பேரில் ஓர் அறை திறக்கப்போகிறார்கள் என்றான்,
நான் கேட்காமலே.
"கடைசி என்று நிச்சயமா?"
இடது ஓரத்தைக் காட்டினேன்.

அவன் டீ குடிக்கப் போன நேரம்
அந்தத் தாளைக் கண்ணாடிமேல் கவிழ்த்தேன்.
இப்போது புது டிரம். புதுக் கோடு விழவில்லை.
பழைய கோடு மட்டும் வந்தது, படத்தில் வருகிற மழை மாதிரி.
அவளாக இருந்தால் கண்டுபிடித்திருப்பாள்.

பெட்டியை அவன் பூட்டும்போது அந்தத் தாள்
உள்ளே இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.
என்னுடையதன் பின்பக்கம்
தேதி போட்டேன்.