நாற்பத்தொரு மைக்ரோவோல்ட்

மேசைமேல் நான்கு உணரிகள்.
வெளியே மைனஸ் இருபத்திநான்கு.
வோரு மாவட்டத்தில் இதைக் குளிர் என்று சொன்னால் சிரிப்பார்கள்.

நவம்பரில் உர்மஸ்
அடுப்பின் ஓட்டைக் கையால் தொட்டுப் பார்த்தான்.
தணல் செத்துவிட்டது என்று
புகைபோக்கித் தகட்டை இழுத்து மூடிவிட்டுப் படுத்தான்.
ஓடு சரியாகத்தான் சொல்லியிருக்கும்,
கை தவறாகக் கேட்டிருக்கிறது.
தபால்காரி ஹில்யா
பனிச்சறுக்குக் கட்டையால் ஜன்னலை உடைத்தாள்.
அந்த ஜன்னலுக்கு இன்னும் அட்டைதான்.

முதல் உணரி: கறுப்புப் பிளாஸ்டிக் தலை, மூன்று கால்.
நூற்றைம்பதுக்கு மேல் வாக்குத் தராது.
டப்பாவில் சும்மா கிடக்கிறதே என்று வைத்துப் பார்த்தேன்.
பிர்ச் கட்டை முழுதாகப் பிடிப்பதற்குள் உருகி நாறியது.
தம்பிக்கு அது தெரியவில்லை.
ஆஸ்பத்திரியிலிருந்து அவன் வந்தான்,
மோப்பம் வரவில்லை.

அடுத்தது கண்ணாடிமணித் தெர்மிஸ்டர்.
குளிரில் கெட்டிக்காரி.
முந்நூறைத் தாண்டினால்
எல்லா நெருப்பும் அவளுக்கு ஒன்றுதான்.

பிளாட்டினம் நேர்மையானது, அறுநூறு வரை பிசகாது.
விலையைச் சொன்னேன்.
உர்மஸ் வெளியே அடுக்கியிருந்த விறகைத்
திரும்பிப் பார்த்தான்.

மிஞ்சியது இரண்டு கம்பி, நுனியில் ஒரு முடிச்சு.
பச்சை உறை, வெள்ளை உறை.
ஆயிரம் டிகிரியிலும் நிற்கும்.
டிகிரிக்கு நாற்பத்தொரு மைக்ரோவோல்ட்,
எறும்பின் பெருமூச்சு.
ஆனால் அதற்குச் சூடு தெரியாது.
சுடும் நுனிக்கும் குளிர்ந்த நுனிக்கும்
எவ்வளவு தூரம் என்பது மட்டுமே தெரியும்.
குளிர்ந்த நுனியின் நிலவரத்தை வேறு யாராவது சொல்லவேண்டும்.
உருகிப்போன பிளாஸ்டிக் தலையின் இரட்டையைத் தேடி
அந்த வேலையில் அமர்த்தினேன்.

தீ மூட்டினோம்.
எண் இறங்கியது.
பதினெட்டு. இரண்டு. மைனஸ் முப்பது.
கட்டைகள் படபடவென்று வெடிக்க
திரையில் துருவம் உறைந்துகொண்டிருந்தது.
கம்பிகளை மாற்றிக் கோத்திருக்கிறேன்,
இருபது வருடம் ரேடியோ பழுது பார்த்தவள்!
"மால்லே, உன் அடுப்பில் மீனை உறையவைக்கலாம்"
என்று தம்பி சிரித்தான்.
நவம்பருக்குப் பிறகு முதல் சிரிப்பு.
கம்பிகளைத் திருப்பிப் போடக் கொஞ்சம் தாமதித்தேன்.

இப்போது இரவு பத்தரை.
புகைபோக்கிக் கழுத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு.
எந்த எண்ணில் மூடலாம் என்று
எந்த உணரியின் தாளிலும் அச்சிட்டிருக்கவில்லை.
சூடுகண்ட பூனை அடுப்பங்கரை நாடாதாம்.
என் வீட்டுப் பூனை நகரமாட்டேன் என்கிறது,
தகட்டின் கைப்பிடியில் விரல் வைத்தபடி.

நூற்றைம்பது.
நூற்றுப்பத்து.
தொண்ணூறு.

"போதுமா?"

அடுப்பின் கதவைத் திறந்து
கரண்டியால் சாம்பலைக் கிளறுகிறேன்.
அடியில் ஒரு கண்
சிவப்பாகத் திறந்து என்னைப் பார்க்கிறது.

கையை எடு, என்கிறேன்.