எழுபதுக்கு முப்பது

ஹல் நகரத்தில், ஹெஸ்ஸில் சாலைக்குப் பின்னால்,
முன்பு மீன்பெட்டி அடுக்கிய கொட்டகையில்
மின்சிகரெட்டுக்கு நீர் கலக்கிறாள் மார்னி ஓல்ட்ராய்ட்.
புகை என்பார்கள். எதுவும் எரிவதில்லை.
ஆவி என்பதே சரி,
இரண்டு பொருளிலும்.

அவளுக்கு மூக்கு போய் இரண்டு வருடம்.
காய்ச்சலோடு கிளம்பியது.
காய்ச்சல் இறங்கியது, அது திரும்பவில்லை.
டாரியுஷுக்கு மட்டும் தெரியும்.

காலை எட்டு மணி. தராசு. கையுறை.
முதலில் கிளிசரின்:
கம்பிப் பதத்துப் பாகாக,
போகவே மனமில்லாத விருந்தாளியாக
மெதுவாக இறங்குகிறது.
எழுபது பங்கு.
மேகம் போடுவது அதன் வேலை.
கொஞ்சம் இனிப்பையும் கூடவே கொண்டுவரும்;
மற்ற ருசிகளின் மேல் அதையே
ஈரக் கம்பளியாகப் போர்த்திவிடும்.

அப்புறம் புரொப்பிலீன் கிளைகால், முப்பது.
நீர்த்த ஆள், வாயாடி.
எந்த வாசனையைத் தலையில் ஏற்றினாலும்
சிந்தாமல் சுமந்துபோய் நாக்கின் வாசலில் இறக்குவான்,
போகிற போக்கில் தொண்டையில் ஒரு கீறல்.
மேகம் மட்டும் அவனுக்கு வராது.
இரண்டையும் பாதிப்பாதி ஊற்றிப் பார்த்தாள் ஒருமுறை:
யாருக்கும் குறையில்லை,
யாரும் இன்னொரு பாட்டில் கேட்கவுமில்லை.

ஸ்ட்ராபெரி, ஆறு சதவீதம்.
வனிலா: நாள் ஆக ஆகத் தேநீர் நிறமாகும்,
வாடிக்கையாளர் கெட்டுவிட்டதென்று சண்டைக்கு வருவார்.
எத்தில் மால்ட்டால், பஞ்சுமிட்டாய் வாசம்,
அரை சதவீதம் வரை எல்லோரையும் சேர்த்துவைக்கும்;
அதற்கு மேல் போனால்
எல்லோர் வாயையும் அடைக்கும்.
சுக்ரலோஸ் கேட்கிறவர்கள் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.
சுருளில் கருகிப் படிந்து
மூன்றாம் நாளே திரி கசக்கும்போது
திட்டு வாங்குவது சுருள்தான்.

வெண்ணெய் வாசம் தருகிற டயசெட்டில்
நுரையீரலுக்கு ஆகாதென்று தடை.
அதன் தட்டு காலியாகவே இருக்கிறது.
கஸ்டர்டில் அந்த இடத்தில்
இன்னும் ஒரு பள்ளம் என்கிறான் டாரியுஷ்.
அவளுக்கு எல்லாமே பள்ளம்.

புதன்கிழமைக் கலவை, இருபது லிட்டர்.
சீட்டில் நிக்கோட்டின் மூன்று மில்லிகிராம்.
டாரியுஷ் முகர்ந்தான், "பழம் பிரமாதம்."
மார்னி ஒரு இழுப்பு இழுத்தாள்.
ஒன்றுமில்லை. வெதுவெதுப்பு. ஈரம்.
அதன் பின்னால்,
உள்நாக்குக்குக் கீழே,
யாரோ மிளகைத் தட்டிப் போட்டார்கள்.

"இது மூன்று இல்லை, ஆறு."
"உனக்கெப்படித் தெரியும்?"
"காரத்துக்கு மூக்கு எதற்கு?"

குறிப்பேட்டைப் புரட்டினார்கள்.
ஷிஃப்ட் மாறும் நேரத்தில்
இவனும் ஊற்றியிருக்கிறான்,
இவனுக்கு முந்தியவனும் ஊற்றியிருக்கிறான்.
இருபது லிட்டரும் கழிவு டிரம்முக்குப் போனது.
டாரியுஷ் சன்னலைத் திறந்துவிட்டான்,
கொட்டகை முழுக்க ஸ்ட்ராபெரி என்று.
அவளுக்கு அது குளிர்காற்று வரும் சத்தம்.

மாலைக்குள் மறுபடியும் கலந்தாள்,
ஒவ்வொரு கிராமையும் உரக்கச் சொல்லி.
இது சரியான மூன்று.
தொண்டையில் தட்டல் இல்லை, ஒரு தடவல்.

வேலை முடிந்து ஹம்பர் கரையில் நிற்கிறாள்.
ஜனவரி. எதிர்க்கரை இல்லை.
அவள் விடுவதில் மூச்சு எவ்வளவு, ஆவி எவ்வளவு
என்று பிரிக்க முடியவில்லை;
பனியில் மேகம் கலையாமல்
அவள் காலரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது.

நாயோடு போகிற ஒரு பெண்
அந்த மேகத்துக்குள் நுழைந்து, வெளியே வந்து,
திரும்பிப் பார்த்துக் கேட்கிறாள்:
"ஸ்ட்ராபெரியா?"

மார்னி தலையாட்டுகிறாள்,
தராசை நம்பி.