கறுப்பு மை விழாத தாள்

கண்டியிலிருந்து வந்த பல் டொக்டர் ஏக்கநாயக்க
இடுக்கியும் பூதக்கண்ணாடியுமாய்
அக்கரப்பத்தனை உபதபாலகத்துக்குள் நுழைந்தார்.
நல்ல மழை.
குடையை வைக்க இடம் தெரியாமல்
பார்சல் தராசின் மேல் சாய்த்துவிட்டு
"போன ஓகஸ்ட்டில் ஐந்து ரூபா முத்திரை விற்றீர்களா?" என்றார்.
தராசு முந்நூற்றைம்பது கிராம் காட்டியது.

விற்றேன்.
பச்சை மலை, சிவப்புச் சேலை, கொழுந்துக் கூடை.
ஒரேயொரு தாளில் கறுப்பு மை விழவில்லையாம்.
ஐம்பது முத்திரை.
கண் மூக்கு வாய் எல்லாம் கறுப்பில்தானாம்,
நாட்டின் பெயரும் கறுப்பில்தானாம்.
இரண்டும் இல்லாமல் ஒரு சேலை
கூடையைச் சுமந்துகொண்டு நின்றிருக்கிறது.

நான் பார்க்கவில்லை.
அன்று சம்பள நாள். வரிசை பேக்கரி வரைக்கும்.
கிழித்துக் கிழித்துக் கொடுத்தேன்,
முகம் பார்த்தா முத்திரை விற்கிறார்கள்?

"ஒன்று பதினெட்டாயிரம்" என்றார்.
என் ஆறு மாதச் சம்பளம்.
"ஒட்டி, சீல் குத்தின உறையோடு என்றால்
இன்னும் கூட."
யார் யார் நாக்கு அவற்றில் பட்டதென்று
அன்றிரவு படுக்கையில் நினைத்துப் பார்த்தேன்.
கொழும்புக் கடைகளில் நிற்கும் பையன்களுக்கு,
மின்சார சபைக்கு,
குறுக்கெழுத்துப் போட்டிக்கு.
பாதி அடுப்பெரித்திருக்கும்.

ஒன்று மட்டும் திரும்பி வந்தது ஞாபகம்.
மேற்பிரிவு காளியாயி
கப்பலேறிப் போன தம்பிக்குப் போட்டது.
கோத்தகிரிக்குப் போய், நாலு மாதம் அலைந்து,
'பெறுநர் இல்லை' என்ற ஊதா எழுத்தோடு.

டொக்டர் அட்டைக்கடி பட்டுக்கொண்டே லயத்துக்கு ஏறினார்.
அவள் மாரியம்மன் படத்துக்குப் பின்னாலிருந்து எடுத்துத் தந்தாள்.
"காயிதம் எனக்கு. கூடு ஒங்களுக்கு."
கிழிக்கப் போன கையைப் பிடித்து
ஐயோ என்று கத்திவிட்டார் மனிதர்.
கேத்தல் ஆவியில் காட்டி
பசையை இளக்கித் திறந்தார்.
எந்தக் கடைவாய்ப் பல்லுக்கும்
அவர் கை அப்படி நடுங்கியிராது.

அடையாள அட்டையைப் பார்த்து, எழுத்துக்கெழுத்து,
கலியாயி என்று
இருபத்திரண்டாயிரத்துக்குச் செக் எழுதினார்.

தலவாக்கலை வங்கியில் புத்தகத்தைப் புரட்டினார்கள்.
அதில் காளியாயி.
கலியாயி யாரென்று கேட்டார்கள்.
"நாந்தான். கந்தோர் அய்யா கொம்பு கால விட்டுட்டாரு."
இருவரும் ஒருவரே என்று
சத்தியக்கடதாசி வேண்டுமாம், நூற்றைம்பது ரூபா,
அதற்கு ஒரு முத்திரை வேறு.
பிறப்புப் பதிவைத் தேடினால் அதில் காளியம்மா.
டொக்டருக்கு எழுதினேன்.
உறையோடு சிங்கப்பூர்க் கண்காட்சிக்குப் போய்விட்டாராம்.

ஆறு மாதம் தாண்டிய செக்
இன்னும் என் லாச்சியில் கிடக்கிறது.

நேற்று வந்தாள். அதே காயிதம், புதுக் கூடு.
தம்பி கூடலூரில் இருப்பதாக யாரோ சொன்னார்களாம்.
"இந்தத் தடவ மூஞ்சி இருக்கான்னு பாத்து ஒட்டுங்க."
வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன்.
கண் இரண்டு. மூக்கு. வாய்.
மேலே நாட்டின் பெயர், மூன்று மொழியில்.

ஐந்து ரூபாதான்.