நாற்பத்தேழாம் பக்கம்

மஹ்பூலா, இரவு இரண்டு மணி.
ஒன்பதாம் மாடி, ஆறு கட்டில், ஒரு டிவி.
நாலரைக்குக் கம்பெனி பஸ்.
இப்போது படுத்தால் எழ முடியாது,
அதனால்தான் விழித்திருக்கிறோம் என்று
மலையாளி ஃபோர்மேனிடம் சொன்னோம்.
பொய்.
கேப்டன் துருவன் இன்று டிவியில் வருகிறான்.

ஒரே ஒரு சிறப்புப் படம். தொண்ணூறு நிமிடம்.
ரீகன் பெட்டியிலிருந்து
பாலித்தீன் உறையோடு பதினோரு இதழ்களை எடுத்து
டிவிக்குக் கீழே வரிசையாகச் சாய்த்து வைத்தான்,
சாட்சிக் கூண்டில் ஏற்றுவதுபோல.
ஜியாவுதீன் சுலைமானி போட்டான், சர்க்கரையை மறந்து.
நைட் டூட்டியிலிருந்து பெனிட்டா போனில்:
"பாக்கல்லாம் முடியாது. வார்டு ஃபுல்லு.
ஸ்பீக்கர் பக்கத்துல வைங்க, காதுல கேட்டுக்கறேன்."

எங்களிடம் அவன் வந்தது கறுப்பு வெள்ளையில்.
சாணித்தாள், ஏழு ரூபாய்,
வியர்த்த விரலில் விண்வெளி ஒட்டிக்கொள்ளும்.
அவன் கோட்டுக்கு நான் நீலம் போட்டு வைத்திருந்தேன்,
பதினெட்டு வருடமாக.
ரீகனுக்குக் கரும்பச்சை.
ஜியாவுக்கு வெள்ளை, கப்பல் ஆபீசர் மாதிரி.
இதைப்பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே இல்லை.
வானம் என்ன நிறம் என்று
யாராவது பேசி முடிவு செய்வார்களா?

திரை விரிந்தது. வௌவால் கலம் இறங்கியது.
கதவு திறந்து, புகை விலகி,
ஆரஞ்சு.

எங்கள் கதவுக்குப் பின்னால்
ஆணியில் தொங்கும் அதே ஆரஞ்சு.
முழங்காலில் அதே வெள்ளிப் பட்டை.
"ஏலே, இவன் எந்த சைட்டுல வேல பாக்கான்?"
ஜியா சிரித்தான். நான் சிரித்தேன்.
ரீகன் மட்டும் இதழ்களைத் திரும்ப
உறைக்குள் போட ஆரம்பித்தான்.

குண்டூசி பேசியது. பெண் குரல்,
சளி பிடித்த பெண் குரல்.
போனில் பெனிட்டா, "ஐயோ, இது இல்ல!
குண்டூசி எங்க தெரு போஸ்ட்மேன் மாதிரி பேசணும்"
என்று சொல்லிவிட்டு,
யாருக்கோ டிரிப்ஸ் மாற்றப் போனாள்.

துருவனை அங்கே யோரன் கெல் என்கிறார்கள்.
துருவன் என்று ஒருமுறையாவது
யாராவது வாய்தவறிக் கூப்பிடுவார்கள் என்று
கடைசி வரை காத்திருந்தேன்.

சத்தத்தைக் குறை என்று சொல்ல வந்த
ஹாரிஸ் ஹம்தி
வாசலிலேயே நின்றுவிட்டார்.
"காப்டன் நஜ்ம்!" என்றார்,
காணாமல்போன தம்பியைக் கண்டதுபோல.
நஜ்ம் என்றால் நட்சத்திரம், ஜியா சொன்னான்.
அவருடையது கெய்ரோவில் வாங்கியதாம், கலரில்.
"எப்பவும் ஆரஞ்சுதான், யா அகீ."
ரீகன் அவரை முறைத்தான்.

எனக்கு வேறு ஒரு கணக்கு இருந்தது.
என் ஏழாவது இதழில் நாற்பத்தேழாம் பக்கத்தாள் இல்லை,
வாங்கும்போதே இல்லை.
நாற்பத்தாறில் துருவன் கதவருகே.
நாற்பத்தொன்பதில் குண்டூசி மட்டும் தனியாக.
ரீகனிடம் ஏழாவது இதழே கிடையாது.
இன்று தெரிந்துவிடும் என்றுதான்
டபுள் டூட்டி முடித்து உட்கார்ந்தேன்.
கதவருகே வந்தான்.
திரை இருண்டது. ஒரு வெடிச்சத்தம்.
'மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு.'

நாலு பத்துக்கு லிஃப்டில்
நாங்கள் மூன்று ஆரஞ்சு, நடுவில் ஹம்தி.
பெனிட்டாவின் மெசேஜ்:
"கோட்டு என்ன கலர்னு யாரும் சொல்லிராதீங்க."

ஹம்தியிடம் கேட்டேன்,
அரை அரபி, அரை இந்தி, மீதி கை.
அவருக்கு ஞாபகம் இருந்தது.
லிஃப்ட் கதவை முழங்கையால் தடுத்துக்கொண்டு
இடதுகை விரல்களை ஒவ்வொன்றாக உருவினார்,
உருவியதைக் குண்டூசியின் தலைமேல் வைத்தார்,
குண்டூசி என் தலை உயரத்தில் இருந்தது.
திரும்பிப் பார்க்காமல் போனார் இரண்டடி.

அது கையுறையா, கையேவா என்று கேட்பதற்குள்
கீழே பஸ்காரன் ஹாரனை அமுக்கிவிட்டான்.